பெட்டியில் அச்சிட்ட எண்

பம்பலப்பிட்டியில் கமரா விற்கும் கடை எதிலாவது கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். வருகிறவர் பிள்ளைக்குப் பரிசு வாங்க வந்த தகப்பனாக இருக்கட்டும், கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த மருமகனாக இருக்கட்டும், முதல் கேள்வி ஒன்றுதான்: "இது எத்தனை மெகாபிக்சல், தம்பி?" தம்பியும் அதற்காகவே காத்து நிற்கிறார். "இது இருபது, அங்கிள். அது பன்னிரண்டுதான்." அதோடு பன்னிரண்டின் கதை முடிந்துவிடும். அநேகமாக அந்தப் பன்னிரண்டைத்தான் அங்கிள் வாங்கியிருக்க வேண்டும்.

மெகாபிக்சல் என்பது படத்தில் எத்தனை புள்ளிகள் என்ற எண்ணிக்கை. அந்தப் புள்ளிகளின் தரத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. ஆல்பத்தில் வைக்கும் 6க்கு 4 அங்குலப் படத்துக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்று தாராளமாகப் பார்த்தாலும் 2 மெகாபிக்சலுக்குச் சற்று மேல் போதும். ஏ4 அளவில் அச்சிட்டுச் சுவரில் மாட்டுவதென்றாலும் 9ஐத் தாண்டாது. வாட்ஸ்அப்பில் அனுப்பும் படமோ போகும் வழியிலேயே சுருங்கிவிடுகிறது. மிச்சப் புள்ளிகள் மெமரி கார்டை நிரப்பத்தான்.

உண்மையில் கேட்க வேண்டியது சென்சரின் அளவை. மலிவான சின்னக் கமராக்களில் பெரும்பாலானவற்றில் இருக்கும் சென்சரின் பரப்பு 28 சதுர மில்லிமீற்றர், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. '1 அங்குலம்' என்று விற்கப்படுவதில் 116. (அதன் நீளம் 13.2 மில்லிமீற்றர்தான், அங்குலத்தில் பாதி. இதிலும் எண் பொய் பேசுகிறது.) சென்சரைப் பெரிதாக்காமல் புள்ளிகளை மட்டும் கூட்டுவது, வெள்ளவத்தையில் பத்துப் பேர்ச் காணியில் அடுக்குமாடி கட்டி அறைகளைக் கூட்டுவது போலத்தான்: காணி கூடாது, ஒவ்வோர் அறைக்கும் வெளிச்சம் குறையும். இதைக் கமரா செய்கிறவர்களே ஒருமுறை ஒத்துக்கொண்டார்கள். கெனன் 2008இல் விட்ட பவர்ஷொட் ஜி10 14.7 மெகாபிக்சல். அடுத்த வருடம் வந்த ஜி11 வெறும் 10. சென்சரின் அளவு மாறவில்லை, எண்ணைத்தான் குறைத்தார்கள், இருட்டில் படம் சுத்தமாக வர வேண்டும் என்பதற்காக. போன்களில் நடப்பது இன்னும் வேடிக்கை. 108 மெகாபிக்சல் என்று தம்பட்டம் அடித்து வந்த போன், சாதாரணமாக ஒன்பது புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படத்தைத்தான் கையில் தருகிறது.

இந்த மெகாபிக்சல் நம்பிக்கைக்கு ஓர் இரட்டைப் பிள்ளையும் உண்டு. "மனுவல் எல்லாம் கலியாண வீட்டுப் படக்காரருக்கு. எங்களுக்கு ஓட்டோ காணும்."

ஆடிவேல் விழா அன்று இந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்கலாம். செட்டியார் தெருவிலிருந்து புறப்பட்ட தேர் பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயிலை நெருங்கும்போது இருட்டிவிட்டது என்று வையுங்கள். ஓட்டோவில் கமராவை நீட்டுகிறீர்கள். பிளாஷ் பளிச்சென்று அடிக்கிறது. அதன் வெளிச்சம் சில மீற்றர் தூரம்தான் போகும். முன்னால் நிற்கும் ஐயாவின் வழுக்கைத் தலை வெள்ளிக்குடம் மாதிரி மின்னுகிறது, தேர் அதற்குப் பின்னால் கறுப்பாகக் கிடக்கிறது. பிளாஷை நிறுத்தினால், கமரா ஷட்டரை 1/8 செக்கனுக்கு இழுத்துப் பிடித்து, நகரும் தேரைக் கரைத்துவிடுகிறது. தேர் ஆமை வேகத்தில் வருகிறது, 1/60 போதும் என்று உங்களுக்குத் தெரியும். அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, ஐஎஸ்ஓவை 1600க்கு ஏற்றி, பல்புகள் வெளிறாமல் இருக்க ஒரு படி குறைத்து எடுத்தால் தேர் தேராகவே வரும். எது தேர், எது தலை என்று ஓட்டோவுக்கு யார் சொல்லிக் கொடுப்பது?

பாடசாலைப் படங்களும் அப்படித்தான். கமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். எங்கள் பிள்ளைகளோ எல்லாரும் வெள்ளைச் சட்டை. நாற்பது வெள்ளைச் சட்டைகளைக் கண்டதும் அது பயந்துபோய் வெளிச்சத்தைக் குறைக்கிறது. சட்டை ஊத்தையாகவும் முகம் கறுப்பாகவும் வருகிறது. முகத்தைக் கண்டுபிடிக்கும் புதிய கமராக்கள் இதில் கொஞ்சம் தேறியிருக்கின்றன. மற்றவற்றில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டயலைக் கூட்டல் ஒன்றுக்குத் திருப்பினால் போதும். டயல் இருந்தால்.

கலியாண வீட்டுப் படக்காரருக்குப் பெரிய சென்சர், தனிப் பிளாஷ், குடை பிடிக்க ஒரு பெடியன் எல்லாம் உண்டு. ஒரு படி பிசகினாலும் பிறகு கணினியில் இழுத்துச் சரிக்கட்டுவார். சின்னக் கமராவுக்கு அந்த வசதி மிகக் குறைவு. கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தை எங்கே செலவழிப்பது என்று மனிதர்தான் சொல்ல வேண்டும். அதாவது மனுவல் அவரைவிட எங்களுக்குத்தான் அவசியம்.

கையடக்கமும் கைவசமும் ஒன்றாக இருந்த காலம் இந்த ஊரிலேயே உண்டு. 1900இல் கொழும்பில் பிறந்து 1944இல் இங்கேயே மறைந்த லயனல் வென்ட், சட்டம் படித்தவர், பியானோ வாசித்தவர். அவர் படம் எடுத்த லைக்கா அந்தக் காலத்துச் சின்னக் கமரா. ஓட்டோ என்ற பேச்சே அதில் இல்லை, ஒவ்வொரு படத்துக்கும் வேகமும் துவாரமும் கையால் வைத்ததுதான். கொழும்பு 7இல் அவர் பெயரிலுள்ள அரங்கத்துக்கு நாடகம் பார்க்கப் போகிறவர்களில் எத்தனை பேர் அவரைப் படக்காரராக நினைக்கிறார்களோ!

போன் இருக்கப் பிறகேன் கமரா என்று கேட்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. பகல் வெளிச்சத்தில் போன் நன்றாகவே எடுக்கும். ஆனால் இரவில் அது பல படங்களை ஒட்டித் தைத்து, அம்மம்மாவின் முகத்தை மெழுகாக வழித்துத் தருகிறது. அது பிடிக்காதவர்கள்தான் கமராக் கடைக்குப் போக வேண்டும்.

போனால், பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டுக் கமராவைக் கையில் கேளுங்கள். டயலை மனுவலுக்குரிய 'எம்'முக்குத் திருப்புங்கள். மெனுவுக்குள் நுழையாமல் ஷட்டரையும் அப்பர்ச்சரையும் ஐஎஸ்ஓவையும் மாற்ற முடிகிறதா? 2011இல் வந்த புஜிபிலிம் எக்ஸ்100இல் அப்பர்ச்சர் வளையம் லென்ஸிலேயே, ஷட்டர் டயல் மேலேயே இருந்தது. லென்ஸில் எஃப் 1.8 என்று கண்டால் ஸூமை முழுக்க இழுத்தும் பாருங்கள். சோனி ஆர்எக்ஸ்100 நல்ல கமராதான், ஆனால் அந்த முனையில் 1.8 என்பது 4.9 ஆகி, வெளிச்சம் ஏழில் ஒரு பங்காகிவிடும். பிறகு கடை வாசலில் நின்று காலி வீதியில் போகும் பஸ் ஒன்றை 1/15இல் எடுங்கள், அடுத்ததை 1/500இல். இரண்டுக்கும் நடுவே உங்கள் பெருவிரல் தடுமாறினால் அந்தக் கமரா உங்களுக்கானதல்ல. "ஓட்டோவில வைச்சு எடுங்கோ அங்கிள்" என்று தம்பி குறுக்கே வருவார். வரட்டும்.

புதியதுக்குக் காசு காணாவிட்டால் பழைய பானசொனிக் எல்எக்ஸ்3ஐயோ, லென்ஸைச் சுற்றி வளையம் வைத்த கெனன் எஸ்90ஐயோ தேடுங்கள். இரண்டும் 10 மெகாபிக்சல், இரண்டுக்கும் எஃப் 2 லென்ஸ். பற்றரி தாங்குகிறதா, லென்ஸ் சத்தமில்லாமல் வெளியே வந்து உள்ளே போகிறதா என்று பாருங்கள். விலை பேசும்போது முகத்தைச் சுளித்து, "பத்து மெகாபிக்சல்தானே, தம்பி" என்று சொல்ல மறக்காதீர்கள். இந்த மூடநம்பிக்கையால் வாங்குகிறவருக்கு வரும் ஒரே லாபம் அந்தக் கழிவுதான்.