கழுவுவதும் அறிவியல்தான்

மாணவர்களே, ஒரு கேள்வி. பழைய இன்ஜினைப் பிரித்து மறுபடியும் பூட்டும் பட்டறையில் அதிகத் திறமை வேண்டிய வேலை எது? பாகங்களைப் பொருத்துவது என்று சிலர் சொல்வீர்கள். அளவெடுப்பது என்று சிலர் சொல்வீர்கள். கழுவுவது என்று யாரும் சொல்லமாட்டீர்கள். புதிதாகச் சேர்ந்த பையனிடம் ஒரு தூரிகையும் ஒரு வாளி மண்ணெண்ணெயும் கொடுத்து மூலையில் உட்கார வைக்கும் வேலை அது என்பதுதான் நம்மில் பலரின் எண்ணம்.

அந்த எண்ணம் தவறு என்கிறேன் நான். கழுவுவது அறிவியல் வேலை. அதில் செய்யும் பிழையை அதற்குப் பிறகு வரும் எந்தத் திறமையாலும் சரிசெய்ய முடியாது. இதைக் காட்ட ரோட்டரி இன்ஜினை விடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பிஸ்டன் இல்லாத இன்ஜின்

ரோட்டரி இன்ஜினில் மேலும் கீழும் ஓடும் பிஸ்டன் கிடையாது. பக்கங்கள் சற்றே உப்பிய முக்கோண வடிவ ரோட்டர் ஒன்று கூட்டுக்குள் சுழல்கிறது. ஜெர்மனியின் ஃபெலிக்ஸ் வாங்கெல் உருவாக்கிய இந்த வகை இன்ஜின் முதன்முதலில் 1957இல் ஓடியது. ஜப்பானின் மஸ்டா நிறுவனம் 1967இல் இரண்டு ரோட்டர்கள் கொண்ட காஸ்மோ ஸ்போர்ட் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1991இல் அதே நிறுவனத்தின் நான்கு ரோட்டர் கார் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் வென்றது. ஆர்எக்ஸ்-7, ஆர்எக்ஸ்-8 கார்களை ஆசையோடு வைத்திருப்பவர்கள் இன்றும் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்களின் இன்ஜின்கள் என்றாவது ஒருநாள் பிரிக்கப்பட்டாக வேண்டும்.

ஆர்எக்ஸ்-7 காரின் 13பி இன்ஜினைப் பிரித்தால் டிபன் கேரியர் அடுக்குபோல ஐந்து பாகங்கள் வரும். இரண்டு ரோட்டர் கூடுகள், அவற்றின் இருபுறமும் நடுவிலுமாக மூன்று இரும்புத் தட்டுகள். கூடு அலுமினியத்தால் ஆனது. அதன் உட்புறத்தில் எஃகுத் தகடு, அந்தத் தகட்டின் மேல் குரோமியப் பூச்சு. ரோட்டர் வார்ப்பிரும்பு. ஆக, ஒரே இன்ஜினில் நான்கு விதமான உலோகப் பரப்புகள். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரோட்டரின் மூன்று முனைகளிலும் ஏபெக்ஸ் சீல் எனப்படும் மெல்லிய தடுப்பான்கள் பள்ளங்களில் அமர்ந்திருக்கும். பின்னால் இருக்கும் வில் அவற்றை வெளியே தள்ளி, கூட்டின் சுவரோடு உரசவைக்கும். முனை, மூலை, பக்கம் என்று எல்லாவற்றையும் சேர்த்தால் இரண்டு ரோட்டர்களுக்கும் 30 தடுப்பான்கள். வாயு கசியாமல் காப்பவை இவைதான். இவை தேயாமல் இருக்க, எரியும் அறைக்குள் வேண்டுமென்றே சிறிது எண்ணெய் செலுத்தப்படுகிறது. அந்த எண்ணெயும் எரிகிறது, கரி படிகிறது. கரி பள்ளத்தில் இறுகினால் தடுப்பான் வெளியே வராமல் சிக்கிக்கொள்ளும். அழுத்தம் குறையும், இன்ஜின் கிளம்ப மறுக்கும்.

முதலில் பார், பிறகு கழுவு

கழுவுவதில் முதல் வேலை கழுவாமல் இருப்பது. வேடிக்கையாகச் சொல்லவில்லை. அழுக்கு ஒரு சாட்சி. கரி எங்கே தடித்திருக்கிறது, எங்கே எண்ணெய் ஊறியிருக்கிறது என்பதெல்லாம் இன்ஜினுக்கு வந்த நோயைச் சொல்லும். மற்ற முகங்கள் கறுத்திருக்க, ரோட்டரின் ஒரு முகம் மட்டும் பளிச்சென்று இருந்தால் மகிழ்ச்சி அடையாதீர்கள். குளிரூட்டும் நீர் கசிந்து, ஆவியாகி, அந்தக் கரியைக் கழுவியிருக்கக்கூடும். மிகச் சுத்தமான இடம்தான் நோயுள்ள இடம்! பையன் எல்லாவற்றையும் வாளியில் போட்டுவிட்டால் அந்தச் சாட்சி போய்விடும். ஆகவே முதலில் படம் எடுக்க வேண்டும், எந்தப் பாகம் எந்த இடத்தில் இருந்தது என்று குறிக்க வேண்டும்.

அடுத்தது வேதியியல். சில பட்டறைகளில் இரும்புப் பாகங்களைச் சூடான காஸ்டிக் சோடாத் தொட்டியில் மூழ்கவைப்பது வழக்கம். எண்ணெய்ப் பிசுக்கு போய்விடும், இரும்புக்கு ஒன்றும் ஆகாது. அதே தொட்டியில் ரோட்டர் கூட்டைப் போட்டால்? அலுமினியம் அமிலத்தோடும் வினைபுரியும், காரத்தோடும் வினைபுரியும். காரத்தில் அது கரைந்து ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும். தீப்பிடிக்கும் வாயு ஒருபுறம், அரித்துப்போன கூடு மறுபுறம். இந்த வினையைப் பள்ளியில் சமன்பாடாக மட்டும் எழுதியவர்களுக்கு அது எதற்கு என்று தோன்றியிருக்கும். இதற்குத்தான்.

கரியின் கதை வேறு. சாதாரணக் கரைப்பான் எதிலும் கரி கரையாது. கரியைப் பிணைத்திருக்கும் எண்ணெய்ப் பிசின்தான் இளகும். ஆகவே ஊறவைக்க வேண்டும், பொறுமையாகச் சுரண்ட வேண்டும். எதனால் சுரண்டுவது? சுரண்டும் பொருள் சுரண்டப்படும் பரப்பை விட மென்மையாக இருக்க வேண்டும். குரோமியப் பரப்பில் பிளாஸ்டிக் அல்லது மரம். ஏபெக்ஸ் சீல் பள்ளத்துக்கு அனுபவசாலிகள் பழைய சீலின் உடைந்த துண்டையே பயன்படுத்துவார்கள், ஏனென்றால் அது பள்ளத்தின் அளவுக்கே செய்யப்பட்டது. உப்புத்தாளை மடித்துத் தேய்த்தால் கரி சீக்கிரம் போகும். கூடவே இரும்பும் போகும். பள்ளம் அகலமாகிவிட்டால் புதிய சீல் அதில் ஆடும்.

மணல் அல்லது கண்ணாடி மணிகளை வீசித் துடைக்கும் இயந்திரமும் உண்டு. பளபளப்பாகிவிடும். ஆனால் ரோட்டரின் உள்ளே எண்ணெய் ஓடும் வெற்றிடங்கள் இருக்கின்றன. அங்கே ஒளிந்துகொண்ட மணிகள் பிறகு எண்ணெயோடு வந்து பேரிங்கைத் தின்றுவிடும்.

ஏன் இவ்வளவு கவனம்? பக்கத் தட்டு எவ்வளவு வளைந்திருந்தால் பயன்படுத்தலாம் என்பதற்கு மஸ்டாவின் பழுதுபார்ப்புக் கையேடு தரும் எல்லை 0.04 மில்லிமீட்டர். தலைமுடியை விட மெல்லிய அளவு. தட்டில் ஒட்டியிருக்கும் கரித்துகள் ஒன்று அதைவிடத் தடிமனாக இருக்கலாம். அப்போது நீங்கள் தட்டையா அளக்கிறீர்கள்? அழுக்கை அளக்கிறீர்கள். நல்ல தட்டு குப்பைக்குப் போகும், அல்லது கெட்ட தட்டு இன்ஜினுக்குள் போகும்.

பூமியின் வயதும் பெட்ரோலும்

இது பட்டறைக்கு மட்டும் உரிய பாடமா? இல்லை. அமெரிக்க விஞ்ஞானி கிளேர் பேட்டர்சன் விண்கற்களில் உள்ள ஈயத்தை அளந்து பூமியின் வயதைக் கணக்கிட முயன்றார். அளவுகள் தாறுமாறாக வந்தன. அவருடைய கருவியில் குறையில்லை. காற்றிலும் தூசியிலும் இருந்த ஈயம் மாதிரிகளில் கலந்துகொண்டே இருந்தது. அவர் ஆய்வுக்கூடத்தையே துடைத்துத் துடைத்துச் சுத்தமாக்கினார். 1956இல் பூமியின் வயது சுமார் 455 கோடி ஆண்டுகள் என்று வெளியிட்டார். அந்தச் சுத்தம்தான் இன்னோர் உண்மையையும் அவருக்குக் காட்டியது. காரின் பெட்ரோலில் சேர்க்கப்பட்ட ஈயம் உலகையே அசுத்தப்படுத்திக்கொண்டிருந்தது. அதை எதிர்த்து அவர் பல ஆண்டுகள் போராடினார்.

நீங்களும் இதைச் செய்கிறீர்கள். அமிலத்தையும் காரத்தையும் நடுநிலையாக்கும் சோதனையில், பியூரெட்டை அதில் ஊற்றப்போகும் கரைசலாலேயே அலசுகிறோம். கூம்புக் குடுவையைக் காய்ச்சி வடித்த நீரால் மட்டும் அலசுகிறோம். இரண்டுக்கும் ஏன் வெவ்வேறு விதி என்று ஆசிரியரிடம் கேட்டிருக்கிறீர்களா? எப்படிக் கழுவுவது என்பதை, எதை அளக்கப் போகிறோம் என்பதே முடிவுசெய்கிறது. இது புரிந்தவனுக்கு ரோட்டர் கூடும் புரியும்.

“இதெல்லாம் எதற்கு? புதிய பாகம் வாங்கிப் போட்டால் போகிறது” என்று சிலர் சொல்லலாம். பாகம் கிடைத்து, பணமும் இருந்தால் சரி. ஆனால் நல்ல பாகத்தைத் தூக்கி எறிவது அந்த உலோகத்தை உருக்கிய ஆற்றலையும் தூக்கி எறிவதுதான். மேலும் எந்தப் பாகம் நல்லது என்று தெரிந்துகொள்ளவே முதலில் கழுவியாக வேண்டும். அதிலிருந்து தப்ப வழியில்லை.

எச்சரிக்கையும் சொல்லவேண்டும். பெட்ரோலில் பாகங்களைக் கழுவாதீர்கள். நம் ஊர் வெயிலில் அதன் ஆவி தரையோடு பரவி, தூரத்து நெருப்பையும் எட்டிப் பிடிக்கும். காஸ்டிக் சோடாவைப் பெரியவர்கள் துணையின்றித் தொடாதீர்கள். கழுவிய இரும்பை உடனே உலர்த்தி எண்ணெய் பூசுங்கள், நம் ஈரக்காற்றில் சில மணி நேரத்திலேயே துரு ஏறிவிடும். கழிவு எண்ணெயை வடிகாலில் ஊற்றாதீர்கள். மலேசியாவின் 2005ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி அது அட்டவணையிடப்பட்ட கழிவு. இன்ஜினைச் சுத்தமாக்கி ஆற்றை அழுக்காக்குவது கழுவுவதாகாது.

இனி நான் கேட்பது இரண்டு. அறிவியல் சோதனைக் குறிப்பேட்டில் பொருள்கள், செய்முறை என்று எழுதும்போது “கருவிகளை எப்படிச் சுத்தம் செய்தேன், ஏன்” என்று ஒரு வரி சேருங்கள். சோதனை முடிந்ததும் குடுவையை ஆய்வுக்கூட உதவியாளருக்கு விட்டுவிடாமல் நீங்களே கழுவுங்கள். கழுவும்போதுதான் அடியில் என்ன படிந்திருந்தது என்பது தெரியும்.

அடுத்த முறை பட்டறை மூலையில் கறுத்த கைகளோடு ஒருவர் பாகம் கழுவுவதைப் பார்த்தால், எதை எதனால் கழுவுகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். சரியான பதில் வந்தால் ஒரு வேதியியல் பாடம் கிடைக்கும். வராவிட்டால், உங்கள் வண்டியை வேறு பட்டறைக்கு எடுத்துச் செல்லுங்கள்.