இருபது நாளில் என்ன படித்துவிட முடியும்?

பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண். கவுன்சலிங்கில் இடமும் கிடைத்துவிட்டது. வாப்பா கடன் வாங்கிக் கட்டணம் கட்டியாயிற்று. முதல் பருவத் தேர்வு முடிவு வந்தால் மூன்று பாடத்தில் அரியர்! மறு ஆண்டு பையன் மாமாவின் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்கிறான். நம் ஊர்களில் இது யாருக்கும் புதிய செய்தி அல்ல.

அவனுக்கு மூளை இல்லையா? திசைவேகம், முடுக்கம், உந்தம் என்று தமிழில் தெளிவாகப் படித்தவன்தான் அவன். கல்லூரியில் பேராசிரியர் ‘வெலாசிட்டி’, ‘ஆக்சிலரேஷன்’, ‘மொமென்டம்’ என்கிறார். தெரிந்த பொருளுக்கே பெயர் தெரியாமல் விழிக்கிறான். கேட்க வெட்கம். ஒரு மாதத்தில் பாடம் அவனை விட்டு எங்கோ போய்விடுகிறது.

இந்தப் பள்ளத்தைக் கடக்கத்தான் ‘பிரிட்ஜ் கோர்ஸ்’ எனும் முன்தயாரிப்பு வகுப்பு. பொறியியல் முதலாண்டு மாணவர்களுக்கு மூன்று வார அறிமுகப் பயிற்சியை அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2017ல் வகுத்தது. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகமோ அதற்கு முன்பே, 2013ல், மதரஸாவில் ஓதி முடித்தவர்களுக்கென்று ஓராண்டுப் படிப்பைத் தொடங்கி, அவர்கள் பட்டப் படிப்புகளில் சேர வழி திறந்தது. மதரஸாவில் ஓதியவன் என்ற முறையில் சொல்கிறேன்: அரபி இலக்கணத்தை மனனம் செய்தவனுக்கு ஆங்கிலம் ஒரு மலையல்ல. முதல் படியை யாராவது காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

முன்னணிக் கல்லூரிகளில் இளநிலை மாணவர் 25 பேரில் ஒருவர், முதுநிலையில் 50 பேரில் ஒருவர்தான் முஸ்லிம் என்று 2006ல் சச்சார் குழு சொன்னதை மேடைதோறும் முழங்கினோம். தமிழகத்தில் 2007ல் 3.5 விழுக்காடு தனி இடஒதுக்கீடும் பெற்றோம். வாசல் திறந்தது சரி. உள்ளே போனவன் பட்டத்தோடு வெளியே வந்தானா என்று எந்த ஜமாஅத் கணக்கெடுத்தது? சிறுபான்மை மாணவர்களுக்கு மத்திய அரசு நடத்திய ‘நயா சவேரா’ பயிற்சித் திட்டம் 2022-23 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. கண்டிக்கிறோம். கண்டித்துவிட்டுக் கைகட்டி நிற்கலாமா?

கல்லூரியில் ஏற்கெனவே படிக்கும் இளைஞர்களே! ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டெல் பாடங்கள் 4, 8, 12 வாரங்களில் முடிபவை. சேர்வது இலவசம், தேர்வெழுதிச் சான்றிதழ் பெறத்தான் கட்டணம். தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ 2022ல் வந்தது. இவற்றை விட்டுவிட்டு, வேலை உத்தரவாதம் என்று நோட்டீஸ் ஒட்டுபவனிடம் பல்லாயிரம் கொடுத்து ஏமாறாதீர்கள்.

வணிகப் பெருமக்களே! 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது கணக்குத் தாக்கல் செய்ய ஆள் தேடி அலைந்தீர்களே, பி.காம். பட்டம் மட்டும் போதாது என்பது உங்களுக்குத் தெரியாததா? இரண்டு ஆசிரியருக்கு மதிப்பூதியம், ஒரு கரும்பலகை, மாலைத் தேநீர்: மாநாட்டு அலங்கார வளைவுக்குக் கொடுப்பதை இதற்குக் கொடுங்கள். இடத்துக்கா பஞ்சம்? மக்தப் அறைகள் பகலெல்லாம் பூட்டித்தானே கிடக்கின்றன! பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரம் ஒதுக்குங்கள், அவர்களையே ஒதுக்கிவிடாதீர்கள்.

பிளஸ் டூ முடிவு மே மாதத்தில் வருகிறது. கல்லூரி திறக்கும்வரை பிள்ளைகள் வீட்டில் சும்மாதான் இருக்கிறார்கள். உங்கள் மஹல்லாவில் பணியிலும் ஓய்விலும் உள்ள ஆசிரியர்கள் யார் யார் என்று வரும் ஜும்ஆ முடிந்ததுமே பட்டியல் எடுங்கள்.