செம்பருத்தியும் சாம்பார் சாதமும்

சென்னை ஐஐடி வளாகத்தில் குடியிருக்கும் நண்பர் வீட்டில் செம்பருத்தி பூத்ததே இல்லை. மொட்டு விட்டதும் புள்ளிமான் மேய்ந்துவிடும். நண்பருக்கு அதில் கோபமில்லை. 1959-ல் தொடங்கிய அந்த வளாகமே கிண்டிக் காட்டிலிருந்து பிரித்தெடுத்த நிலம்தானே என்பார்.

அவரை வதைப்பது அக்கம்பக்கத்தாரின் அன்பு. மிஞ்சிய சாம்பார் சாதத்தைப் பிளாஸ்டிக் பையோடு வாசலில் வைக்கிறார்கள். அசைபோடும் வயிற்றில் சோறு புளித்துப்போகும், பை வெளியேறாது. இறந்த மான்களின் வயிற்றிலிருந்து பிளாஸ்டிக் உருண்டைகளை எடுத்திருக்கிறார்கள்.

இரலை (ஆங்கிலத்தில் இதை மான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை; மொழிபெயர்ப்பவனுக்குத் தலைவலி) சோற்றுக்கு வருவதில்லை. அதற்கு வேண்டியது வெட்டவெளிப் புல்தரை. கட்டடமும் நிழல் மரமும் பெருகப் பெருக அது ஒதுங்குகிறது.

போன வாரமும் வாசலில் ஒரு பொட்டலம். வைத்தது யார் என்று நண்பருக்குத் தெரியும். எதிர்வீட்டுப் பாட்டி. எப்படிக் கேட்பது?