மோட்டாரை இழுக்க வருகிறவனிடம் கேளுங்கள்

தோட்டத்தில் இன்று மோட்டார் சைக்கிள் இல்லாத வீடு அபூர்வம். விடியுமுன் வேலைக்காட்டுக்குப் போகவும், பிள்ளையைப் பள்ளியில் விடவும், அவசரத்துக்குக் கிளினிக்குக்கு ஓடவும் அதுதான். ரொக்கமாக வாங்க யாரால் முடிகிறது? சேவா பெலிதான், மாதத் தவணைதான். இரண்டு மாதம் கட்டாவிட்டால் ஒரு நாள் ஆள் வந்து வாசலில் நிற்கிறான். நம்மவர்களும் பயந்து சாவியை நீட்டிவிடுகிறார்கள்.

இந்தப் பயம் தேவையில்லை. 1967-ஆம் ஆண்டின் தவணைக் கொள்முதல் சட்டம் கடன் கொடுத்தவருக்காக மட்டும் எழுதப்பட்டதல்ல. தொடர்ந்து இரண்டு தவணை தவறினால்தான் வண்டியை எடுக்கும் பேச்சே எழும். அப்போதும் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்து 21 நாள் பொறுக்க வேண்டும். வாங்கியவர் இறந்துபோயிருந்தால் தொடர்ந்து நான்கு தவணை தவற வேண்டும். கணவனை இழந்த நம் சகோதரிகள் இதை அவசியம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ரொக்க விலையில் முக்கால் பங்குக்கு மேல் கட்டியாகிவிட்டதா? கோர்ட்டு உத்தரவு இல்லாமல் வண்டியை எடுக்க முடியாது.

ஆகவே வந்தவனிடம் கேளுங்கள்: "பெர்மிட் எங்க? நோட்டீஸ் என்னிக்கு அனுப்புனீங்க?" இழுக்க வருகிறவனிடம் அரசாங்க பெர்மிட் இருக்க வேண்டும். எடுத்துச் சென்றாலும் உடனே விற்க முடியாது. மறுபடியும் நோட்டீஸ், மறுபடியும் 21 நாள். அதற்குள் பாக்கியையும் செலவையும் கட்டி மீட்கலாம்.

ஆனால் இந்த 21 நாள் நம் கையில் எங்கே நிற்கிறது? கடிதம் தோட்டத்து ஆபீசில் கிடக்கிறது. வந்து சேர்ந்தாலும் மலாயிலோ இங்கிலீஷிலோ இருக்கிறதென்று சாமி படத்துக்குப் பின்னால் சொருகிவிடுகிறோம். நாள் மட்டும் ஓடிவிடுகிறது.

கடையில் நடப்பது இன்னும் மோசம். "கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க அண்ணே, மத்ததை நாங்க எழுதிக்கிறோம்" என்றதும் வெற்றுப் பாரத்தில் போட்டுவிடுகிறோம். ரொக்க விலை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று கையெழுத்துக்கு முன்பே எழுதிக் காட்டச் சொல்கிறது சட்டம். ஒப்பந்தத்தின் நகலையும் கேட்டு வாங்க வேண்டும். மச்சான் பெயரில் வண்டி எடுத்துக் கொடுப்பதும் வேண்டாம். பெயர் யாருடையதோ கடனும் அவர் தலையில்தான்.

தவணை கட்ட ஆலோங்கிடம் போவது எரிகிற வீட்டில் மண்ணெண்ணெய் ஊற்றுவது. லைசென்ஸ் உள்ள வட்டிக்காரர் அடமானமில்லாத கடனுக்கு வருடம் நூற்றுக்கு 18-க்கு மேல் வாங்கக் கூடாது. ஆயிரம் வெள்ளிக்கு வருடத்துக்கு 180 வெள்ளி. மாதம் நூற்றுக்குப் பத்து என்பவனிடம் அதே ஆயிரத்துக்கு 1,200 வெள்ளி போகும். லைசென்ஸ் இல்லாதவன் கோர்ட்டுக்குப் போய் அந்தப் பணத்தை வசூலிக்கவும் முடியாது. கைப்பேசியில் "இப்போது வாங்கு, பிறகு கட்டு" என்று இளைஞர்களை இழுக்கும் கடனையும் கட்டுக்குள் கொண்டுவர 2025-இல் நாடாளுமன்றம் நுகர்வோர் கடன் சட்டத்தை நிறைவேற்றியிருக்கிறது. நல்லதுதான், ஆனால் தோட்டத்துக்கு அதை யார் வந்து சொல்வது?

தொழிற்சங்கக் கிளைச் செயலாளர்கள் சம்பள நாளில் அரை மணி நேரம் ஒதுக்கி, இப்படி வரும் கடிதங்களைப் படித்துச் சொல்லட்டும். சட்டத்துக்கு மாறாக வண்டியை இழுத்திருந்தால் உள்நாட்டு வாணிப அமைச்சின் கிளை அலுவலகத்தில் புகார் செய்யலாம். போகும்போது ஒப்பந்த நகலையும் கட்டிய ரசீதுகளையும் மறக்காமல் கொண்டு போங்கள்.