கஞ்சாச் செடியும் காக்கை வலிப்பும்

குடும்பத்தார் கூடியிருந்து படிக்கும் இப்பகுதியிலே கஞ்சாவைப் பற்றிய பேச்சா என்று முகஞ்சுளிக்கும் பெரியோர் சிலர் இருத்தல் கூடும். அவர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். ஹட்டன், நுவரெலியாப் பகுதித் தோட்டங்களில் வலிப்பு நோயுள்ள பிள்ளைகளைப் பெற்ற தாய்மார், கைத்தொலைபேசியில் வந்த ஏதோ ஒரு செய்தியை வைத்துக்கொண்டு, “கஞ்சா எண்ணெய் கொடுத்தால் வலிப்பு அடியோடு நின்றுவிடுமாமே, மெய்தானா?” என்று கேட்கின்றனர். பெற்ற மனம் கேட்காமல் இருக்குமா? ஆனால், அச்செய்தியிலே பாதி மெய், பாதி ஆபத்து. அவ்விரண்டையும் பிரித்துக் காட்டுதல் நம் கடமையாகின்றது.

முதலில் மெய்யைக் கூறுவோம். நம்மவர் தென்னாட்டுச் சீமைகளிலிருந்து இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்கு வரத் தொடங்கியிருந்த காலம் அது. கல்கத்தா மருத்துவக் கல்லூரியிலே ஓஷாக்னசி என்னும் அயர்லாந்து நாட்டு வைத்தியர் ஆசிரியராக இருந்தார். நம் நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கையாண்டு வந்த கஞ்சாவை அவர் முறையாக ஆராய்ந்து, 1839இல் தம் முடிவுகளை வெளியிட்டார். பிறந்து நாற்பது நாளே ஆன பெண் குழந்தை ஒன்று ஓயாத வலிப்பினால் துன்புற்றபோது, கஞ்சாச் சாரத்தைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்து அதனைப் பிழைக்க வைத்த வரலாறும் அவர் எழுத்தில் உண்டு. மேனாட்டார் கஞ்சாவை மருந்தாக அறிந்ததற்கு அவரே பெருங்காரணர்.

ஆயினும், அம்மருந்து நிலைக்கவில்லை. விக்டோரியா மகாராணியாரின் வைத்தியர்களுள் ஒருவரான ரசல் ரெனால்ட்ஸ், தம் முப்பதாண்டு அனுபவத்தை 1890இல் எழுதியபோது, உண்மையான காக்கை வலிப்புக்குக் கஞ்சா பயன்படவில்லை என்றே கூறினார். ஒரு புட்டியிலுள்ள சாரத்தின் வீரியம் மறு புட்டியில் இராது என்பது அக்காலத்து வைத்தியர்களுக்கெல்லாம் பெருந்தொல்லை. செடிக்குச் செடி, நிலத்துக்கு நிலம் சத்து மாறும்; அளவு தெரியாத மருந்தை நம்புவது எங்ஙனம்?

இம்முடிச்சை அவிழ்த்தவர்கள் இரசாயன அறிஞர்கள். கஞ்சாவில் மயக்கந் தரும் சத்து வேறு, மயக்கந் தராத கன்னாபிடியோல் என்னும் சத்து வேறு. இஸ்ரேல் நாட்டு அறிஞர் ரபேல் மெக்கூலம் தம் துணைவர்களுடன் ஆராய்ந்து, கன்னாபிடியோலின் அமைப்பை 1963இலும், மயக்கச் சத்தினை 1964இலும் தெளிவுபடுத்தினார். பிரேசில் நாட்டு வைத்தியர்கள் அவருடன் சேர்ந்து, மற்ற மருந்துகளுக்கு அடங்காத வலிப்புடைய எட்டுப் பேருக்குக் கன்னாபிடியோலைக் கொடுத்துப் பார்த்தனர். 1980இல் வெளிவந்த அந்த ஆய்விலே நால்வருக்கு வலிப்பு ஏறக்குறைய நின்றே போயிற்று. வியப்பு என்னவெனில், இத்துணை நற்செய்தியை முப்பதாண்டுக் காலம் உலகம் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை!

2013இல் அமெரிக்கச் சிறுமி சார்லட் ஃபிகியின் வரலாறு தொலைக்காட்சியில் வெளிவந்த பின்னரே ஊரெங்கும் பேச்செழுந்தது. டிராவே என்னும் கொடிய குழந்தை வலிப்பு அவளைப் பீடித்திருந்தது. அந்நோயுள்ள 120 சிறுவரையும் இளைஞரையும் இரு பகுதியாக்கி நடத்திய சோதனையின் முடிவு 2017இல் வெளியாயிற்று. தூய கன்னாபிடியோல் பெற்றவர்களுக்கு மாதத்திற் பன்னிரண்டளவில் வந்த வலிப்பு ஆறளவாகக் குறைந்தது. மருந்தில்லாத வெறும் திரவம் பெற்றவர்களுக்கோ பதினைந்தளவில் இருந்தது பதினான்காயிற்று. வலிப்பு முற்றாக நின்றது நூற்றுக்கு ஐவருக்கே. அடுத்த ஆண்டில் அமெரிக்க அரசாங்கம் எபிடியோலெக்ஸ் என்னும் பெயரில் இம்மருந்தை அங்கீகரித்தது. எல்லா வலிப்புக்கும் அன்று, டிராவே, லெனாக்ஸ்–காஸ்டோ என்னும் இரு கடும்வகை வலிப்புகளுக்கு மாத்திரமே. சில ஆண்டுகளில் மூன்றாவது நோயொன்றும் சேர்க்கப்பட்டது.

பாதி குறைந்தது என்பது அத்தாய்மாருக்குப் பெரும்பேறே. ஆனால், “அடியோடு நிற்கும்” என்பது எவ்வளவு தூரம் மெய் என்பதை நேயர்கள் இவ்விலக்கங்களிலே கண்டுகொள்ளலாம். இதற்கும் வயிற்றுப்போக்கு, தூக்க மயக்கம், ஈரல் பாதிப்பு முதலிய தீமைகள் உண்டு. ஆதலின், இரத்தம் சோதித்தே கொடுக்கின்றனர். விலையையும் சொல்லிவிடுவோம். அமெரிக்காவிலே வெளியானபோது ஓராண்டு மருந்துக்கு 32,500 டாலர். டாலர் ஒன்றுக்கு 300 ரூபாய் வீதம் கணித்தால் தொண்ணூற்றேழு இலட்சம் ரூபாயைத் தாண்டும். 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் கொழுந்து பறிக்கும் ஒருவர், ஆண்டுக்கு முந்நூறு பேர் போட்டாலும், இருபத்து நான்கு ஆண்டு உழைத்தாக வேண்டும்.

இனி ஆபத்தைக் கூறுவோம். கடைகளிலும் தொலைபேசி வழியாகவும் விலைப்படும் எண்ணெய் மேற்கூறிய மருந்தன்று. அமெரிக்க அறிஞர்கள் இத்தகைய 84 சரக்குகளை வாங்கிச் சோதித்து 2017இல் எழுதினர். சீட்டில் எழுதிய அளவும் உள்ளிருந்த அளவும் ஒத்திருந்தவை மூன்றிலொரு பங்குக்கும் குறைவு. பதினெட்டில் மயக்கச் சத்தும் இருந்தது. ரெனால்ட்ஸ் காலத்துத் தொல்லை இன்னும் தீரவில்லை போலும்! இவ்வெண்ணெயை நம்பி, டிஸ்பென்சரியில் கொடுத்த குளிசையைத் திடீரென நிறுத்திவிடுவது எல்லாவற்றினும் கொடியது. அவ்வாறு நிறுத்தினால், ஒன்றின்மேலொன்றாக வலிப்பு வந்து உயிருக்கே இறுதி நேரலாம்.

அக்குளிசையை எளிதென்று எண்ணவேண்டா. வலிப்பு நோயாளர் நூற்றுக்கு எழுபதின்மர் வரை தக்க மருந்தினால் வலிப்பின்றி வாழலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. 1912 முதல் வழங்கிவரும் பினோபார்பிட்டோன் முதலியவை அரசாங்க வைத்தியசாலைகளில் இலவசமாகவே கிடைக்கின்றன. கிளினிக் போகும் நாளில் ஒரு பேர் போய்விடுமே என்று அஞ்சி மருந்தை இடையில் விடுவோர் பலர். அவர்களைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. கிளினிக் செல்லும் தாய்க்கு அன்றைய பேரைக் கொடுக்கத் தோட்ட நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் ஏன் ஏற்பாடு செய்தலாகாது?

கையில் இரும்பு கொடுத்தலும், கோடாங்கியை அழைத்தலும் வலிப்பை நிறுத்தா. பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் திணியாதிருந்து, ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் வைத்தியசாலைக்குக் கொண்டோடுக.

இருவகை மருந்தை உரிய அளவில் ஒழுங்காகக் கொடுத்தும் வலிப்பு அடங்காத பிள்ளைகள் உள்ளனர். கன்னாபிடியோலைப் பற்றிய பேச்சு அத்தகையோரிற் சிலருக்கே பொருந்தும். அதனை முடிவு செய்ய வேண்டியவர் நரம்பியல் நிபுணர். டிக்கோயா, நுவரெலியா வைத்தியசாலைகளிற் கடிதம் பெற்று, பேராதனைச் சிறுவர் வைத்தியசாலைக்கோ, கண்டி தேசிய வைத்தியசாலைக்கோ செல்லலாம். போகும்போது வலிப்பு வந்த நாளையும் நேரத்தையும் ஒரு கொப்பியிற் குறித்துச் செல்லுங்கள். எண்ணெய்ச் செய்தி வந்த அதே தொலைபேசியில், பிள்ளையை ஒருக்களித்துக் கிடத்திய பின், மற்றொருவரைக் கொண்டு அவ்வலிப்பைப் படம் பிடித்துச் சென்றால், எந்த வகை வலிப்பென்று துணிய நிபுணருக்கு அது பேருதவியாகும்.