கருணாபுரத்துக்குப் பொருந்தாத காயிதா

கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து இறந்தவர்களின் குடும்பத்துக்கு அரசு 10 லட்சம் கொடுத்தது மார்க்கத்துக்கு முரண் என்று ஜும்ஆவில் பேசினார் ஒரு ஹஜ்ரத். ஆதாரம், ‘பாவத்தோடு சலுகை சேராது’ என்ற ஃபிக்ஹு காயிதாவாம், அதாவது மார்க்கச் சட்டத்தின் பொதுவிதியாம்.

குடிப்பது ஹராம், அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. ஆனால் இந்தக் காயிதா எதற்குச் சொல்லப்பட்டது? திருடப் புறப்பட்டவன் வழியில் தொழுகையைச் சுருக்கலாமா, நோன்பை விடலாமா என்ற கேள்விக்கு. கூடாது என்றார்கள் ஷாஃபி இமாம்கள். ஹனஃபிகளோ அதையே ஏற்கவில்லை, அவனும் சுருக்கித்தான் தொழ வேண்டும் என்றார்கள். இரண்டு மத்ஹபும் உள்ள தமிழ்நாட்டில், ஒரு மத்ஹபின் பயணத் தொழுகைச் சட்டத்தை எடுத்து விதவையின் காசோலையைப் பறிக்கப் பார்க்கிறார் ஹஜ்ரத்.

காயிதாக்கள் ஒரே நாளில் இறங்கியவை அல்ல. ‘தீங்கு செய்யாதே’ என்ற நபிமொழியையும் பல நூற்றாண்டுத் தீர்ப்புகளையும் அலசிப் பொதுவிதி கண்டார்கள். விதிவிலக்குகளையும் கூடவே எழுதி வைத்தார்கள். 1505-இல் மறைந்த இமாம் சுயூத்தி முன்வைத்த ஐந்து பெரும் காயிதாக்களில் ஒன்று, தீங்கு நீக்கப்பட வேண்டும் என்பது. அது ஏன் ஹஜ்ரத்துக்கு நினைவு வரவில்லை?

உஸ்மானியர்கள் 1869 முதல் 1876 வரை தொகுத்த மஜல்லா என்ற சட்டத் தொகுப்பைத் திறக்கட்டும். ஆட்சியாளரின் அதிகாரம் குடிமக்களின் நலனுக்குக் கட்டுப்பட்டது என்கிறது 58-ஆம் பிரிவு. ஆதாயம் தேடுவதைவிடத் தீங்கைத் தடுப்பதே முதல் வேலை என்கிறது 30-ஆம் பிரிவு. டாஸ்மாக் வருமானத்தை எண்ணிக்கொண்டிருக்கும் அரசின் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டிய காயிதா அது. அரசை விட்டுவிட்டு, செத்தவன் வீட்டு வாசலில் போய் நிற்கிறார்.

‘தெரிந்துதானே குடித்தார்கள்’ என்கிறார். 2024 ஜூனில் அந்த பாக்கெட்டைக் கிழித்த கூலித் தொழிலாளிக்குத் தெரிந்தது, அது சாராயம் என்பது மட்டுமே. மெத்தனால் கலந்திருந்தது விற்றவனின் குற்றம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பார்வை மங்கி ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். முதலில் விழுந்த சாவுகளுக்குச் சாராயம் காரணமில்லை என்றது மாவட்ட நிர்வாகம். பிறகு சாவு 60-ஐத் தாண்டியது. கலெக்டர் மாற்றப்பட்டார், எஸ்.பி. சஸ்பெண்ட் ஆனார். காவல் காக்க வேண்டியவர்கள் தவறினார்கள் என்று அரசே ஒப்புக்கொண்டதாகத்தானே இதற்கு அர்த்தம்? அந்தத் தவறுக்கு ஈடுதான் அந்தப் பணம்.

கோமுகி ஆற்றங்கரையில் வரிசையாகச் சிதைகள் எரிந்தன. தகப்பனுக்குக் கொள்ளி வைத்த பிள்ளை எந்தப் பாவத்தைச் செய்தது, ஹஜ்ரத்? வரும் ஜும்ஆவில் அதே மிம்பரில் ஏறி, சொன்னதைத் திரும்பப் பெறுங்கள்.