ஆஷ் கொலையும் ஒட்டுக்கதையும்

வாஞ்சிநாதன் விடுதலை வீரர் அல்லர், சாதிவெறியர்; பிரசவ வலியில் துடித்த தலித் பெண்ணை அக்ரகாரம் வழியே வண்டியில் அனுப்பியதற்காகவே பிரிட்டிஷ் அதிகாரி ஆஷைச் சுட்டார் என்கிறார்கள். சாதிப் பார்வைக்குச் சான்று உண்டு: 17 ஜூன் 1911 அன்று மணியாச்சியில் ஆஷைச் சுட்டபோது வாஞ்சிநாதனின் சட்டைப்பையில் இருந்த கடிதம் சனாதனத்தையும் பேசுகிறது. அதை மறைத்து அவரைப் புனிதராக்கியது தவறு. ஆனால் அந்தப் பெண் கடிதத்தில் எங்கே? சந்தையில் தக்காளி வாங்குபவரே எடைக்கல்லைப் பார்க்கிறார். வரலாற்றை எடை போடாமலே வாங்குவதா? கதை போனால் விமர்சனம் சாயுமா? சாயாது, கடிதமே போதும். இன்னொன்று: கொன்றவர் சனாதனி என்பதால் கொல்லப்பட்டவர் ஒடுக்கப்பட்டோரின் காவலர் ஆகிவிடுவாரா? வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் நிறுவனத்துக்கு எதிராக நின்ற அதிகாரி அவர். ஒரு பிம்பத்தை உடைக்க இன்னொரு பிம்பம் எதற்கு?